பாட்டிலில் எழுதிய இரண்டு தேதிகள்

கீழ்வீட்டு அம்மாள் நேற்று மாலை மாடிப்படியில் என்னை நிறுத்தி, "உங்க சமையக்கட்டுல இருந்து ஒரு மாதிரி வாசம் வருது, தப்பா நினைக்காதீங்க" என்றார். தப்பாக நினைக்க வேண்டாம் என்று தொடங்குகிறவர்கள், தங்கள் பங்குக்கு ஏற்கெனவே நினைத்து முடித்திருப்பார்கள். அரசுப் பணியில் பாதிக் காலம் விசாரணை அலுவலராக இருந்தவளுக்கு இது புதிதல்ல. வீட்டு வேலைக்கு வரும் பெண், ஜாடியின் வாயில் கட்டியிருந்த துணியை விலக்கிப் பார்த்திருக்கிறாள். உள்ளே அன்னாசித் தோல், மேலே நுரை. ஓய்வு பெற்ற, தனியாக வசிக்கிற, சங்கக் கூட்டத்துக்கு ஒழுங்காக வராத ஒரு பெண்மணி வீட்டில் சரக்கு ஊறப் போட்டிருக்கிறாள் என்ற செய்தி, லிப்ட் வேலை செய்யாத கட்டடத்தில் என்னைவிட வேகமாகப் படியிறங்கிவிட்டது.

என் வயதுக்காரர்களே, உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. உங்களுக்குச் சொன்னதைத்தான் மருத்துவர் எனக்கும் சொன்னார்: உப்பைக் குறை, பச்சைக் காய்கறியைக் கூட்டு. நாற்பது வருஷம் கோப்பு தின்றவளுக்கு வெறும் வெள்ளரிக்காய் பெரிய தண்டனையில்லை. ஆனாலும் அதன்மேல் ஊற்ற ஏதாவது வேண்டும். கடையில் பழம் போட்ட சாலட் டிரெஸ்ஸிங் என்று ஒரு பாட்டில் இருந்தது. பாட்டிலின் முன்பக்கம் முழுக்கப் பழம். பின்பக்கத்துப் பட்டியலில் பழம் கடைசிக்கு முந்தியது. வைத்துவிட்டு, அன்னாசி வாங்கிக்கொண்டு வந்தேன். பழத்தை நறுக்கிச் சாப்பிட்டேன். தோலை வெல்லத் தண்ணீரில் போட்டு, ஜாடியில் இரண்டு தேதி எழுதி ஒட்டினேன். போட்ட தேதி, எடுக்கும் தேதி. அப்படி எழுதுவதை எனக்குக் காட்டியவர் என் மாமா. அவருக்கு எதிராக நான் சாட்சி சொன்ன கதை இது.

எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் வீடு தென்காசியில். அப்பா வக்கீல் குமாஸ்தா. வக்கீலுக்கே சட்டம் சொல்லிக்கொடுப்பது தான்தான் என்ற எண்ணம் அவருக்கு உண்டு, வக்கீலும் அதை மறுத்ததாகத் தெரியவில்லை. அந்த வருஷம் ஆனி மாதம், அப்பாவின் தங்கை, என் அத்தை, ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவள் புருஷன் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். துப்பாக்கி தூக்கியதாக ஊரில் பேச்சு. உண்மையில் அவர் ஆபீஸர் மெஸ்ஸில் சமையல்காரர். ரம் மட்டும் உண்மை. ஊருக்கு வந்தபின்னும் அதை விடவில்லை. ஒரு தேரோட்டத்தன்று தேர் நிலைக்கு வருவதற்கு முன் அவர் தெருவில் விழுந்துவிட்டார். மறுநாளே அத்தை பெட்டியைக் கட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு குடிப்பதில்லை என்று மாமா வந்து சொன்னார். அப்பா நம்பவில்லை. கடைசியில் அவரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஆடி மாசத்துல பொம்பளப் பிள்ளை பொறந்த வீட்டுல இருக்கது வழக்கம்தான். ஊருக்கும் பதில் சொன்னமாதிரி ஆச்சு. ஆடி முடிய ஒரு சொட்டு தொடாம இரும். ஆவணில வந்து கூட்டிட்டுப் போம். தொட்டீர்னு தெரிஞ்சுது, அப்புறம் பேச்சே கிடையாதுவே."

"சரி மச்சான்" என்றார் மாமா. அத்தை கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சீசன் தொடங்கியிருந்தது. குற்றாலத்தில் ஐந்தருவி போகிற வழியில் ஒரு பங்களாவில் மாமாவுக்குச் சமையல் வேலை கிடைத்தது. சாரலுக்கு வந்து தங்குகிற வெளியூர்க் குடும்பங்களுக்கு இங்கிலீஷ் சாப்பாடு தெரிந்த ஆள் வேண்டும் என்று பங்களா அம்மாள் தேடிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பா ஐந்தருவிக்குக் குளிக்கப் போவார். என்னையும் கூட்டிப் போவார். மாப்பிள்ளை வேலை பார்க்கும் அடுப்படிக்குள் நுழைவது அவர் கௌரவத்துக்குக் குறைச்சல். ஆகவே என்னை பங்களா வாசலில் இறக்கிவிடுவார்.

"மாமா என்ன செய்யுதாருன்னு பாத்து வச்சுக்கோ. வாயால ஒண்ணும் கேக்காத. கண்ணால பாரு."

அப்புறம் எண்ணெய் தேய்க்கிறவரிடம் முதுகைக் கொடுத்துவிட்டு அருவிக்குள் நின்றுவிடுவார். ஒன்றரை மணி நேரம் நான் பங்களா அடுப்படியில். என் முதல் பணி நியமன ஆணை அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த அடுப்படி எனக்குப் பிடித்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே சாரல் விழுந்துகொண்டே இருக்கும். தீப்பெட்டி நமத்துப்போகும் என்று மாமா அதை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருப்பார். மேசை மேல் ஒரு பெரிய பீங்கான் ஜாடி, பழுப்பும் வெள்ளையுமாக, வாயில் மெல்லிய துணி கட்டி. ஆடி முதல் தேதி அதை நிரப்பும்போது நானும் இருந்தேன். கேரளத்திலிருந்து புளியறை வழியாக வரும் லாரி அன்னாசி. அடிபட்டுக் கனிந்தது. சதையை விருந்தாளிகளுக்கு அனுப்பிவிட்டு, தோலையும் நடுத்தண்டையும் ஜாடியில் போட்டு, வெல்லத்தைக் கரைத்து ஊற்றினார்.

"இது என்ன மாமா, குப்பையப் போய் ஊறப் போடுதீங்க?"

"குப்பை இல்லட்டி. வினிகர். கடையில விக்கிறது தொண்டையக் கிழிக்கும். இது நாக்குல இனிச்சுப் புளிக்கும். மெஸ்ஸுல ஒரு மேஜர் இது இல்லாம காய் தொட மாட்டாரு."

"எப்பம் ஆவும்?"

"நாப்பது நாள். கேட்டுக்கோ. முதல்ல நுரைக்கும். ரெண்டு மூணு வாரம் கள்ளு மாதிரி வாசம் வரும். பயந்துரக் கூடாது. அங்கன இருந்துதான் அது புளிப்புக்குத் திரும்பும். மூடி போட்டு அடைச்சா திரும்பாது. காத்துப் படணும். துணி மட்டும் கட்டணும்."

ஒரு காகிதத்தில் 'போட்டது ஆடி 1, எடுப்பது ஆவணி 10' என்று எழுதி ஜாடியில் பசை தடவி ஒட்டினார்.

"ஆடி கழிஞ்சு உங்க அத்தை இங்கன வந்த உடனே முதல் சாலட் அவளுக்குத்தான்" என்றார்.

அதுவரை பழைய பாட்டிலில் இருந்த கொஞ்சம் வினிகரை வைத்து விருந்தாளிகளுக்குச் சமாளித்தார். செய்முறையை நான் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டேன். செய்முறை என்றால் எனக்கு அப்போதே வெறி. பழுத்த அன்னாசித் துண்டு இரண்டை நசுக்கிச் சாறு வடிக்க வேண்டும். அதோடு ஒரு கரண்டி வினிகர், கால் ஸ்பூன் கடுகுப் பொடி, உப்பு, தட்டிய மிளகு, தேன் ஒரு சொட்டு. மூன்று கரண்டி கடலை எண்ணெயைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும், அதுவும் நூல் போல. பிறகு பாட்டிலை மூடிக் குலுக்கு குலுக்கென்று குலுக்க வேண்டும்.

"எண்ணெயும் புளிப்பும் ஒண்ணுக்கொண்ணு மூஞ்சி குடுக்காது பாத்துக்கோ. இந்தக் கடுகுதான் ரெண்டையும் புடிச்சு வைக்கும். விட்டா அஞ்சு நிமிஷத்துல பிரிஞ்சிரும். அதனால ஊத்துததுக்கு முந்தி மறுபடி குலுக்கணும்."

குலுக்குகிற வேலையை எனக்குக் கொடுப்பார். பாட்டிலுக்குள் தெளிந்திருந்த எண்ணெய், சந்தனக் குழம்பு மாதிரி கலங்கிக் கெட்டியாகும். அந்த நிறத்தை நான் பிறகு எந்தக் கடைப் பாட்டிலிலும் பார்க்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு ஆடி பதினைந்து. ஜாடியிலிருந்து வந்த வாசம் அடுப்படியைத் தாண்டி வராந்தா வரை நின்றது. கள் இறக்கும் வடகரைத் தென்னந்தோப்பில் பனங்கருக்கு வேலிக்கு அப்பால் வீசுமே, அதே வாசம். மாமா துணியை அவிழ்த்து, ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டார். கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றார். பிறகு தொட்டியில் துப்பி, தண்ணீர் விட்டுக் கொப்பளித்தார். இரண்டு முறை கொப்பளித்தார். "சரியாத்தான் போவுது" என்றார். துணியைப் பழையபடி இறுக்கிக் கட்டினார்.

அன்று சாயங்காலம் வீட்டில் விசாரணை. அப்பா நாற்காலியில். அம்மா முறத்தோடு. அத்தை எனக்குப் பின்னால் உட்கார்ந்து தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜாடில என்ன இருந்துச்சு?"

"அன்னாசித் தோல். வெல்லத் தண்ணி."

"நுரை இருந்துச்சா? ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லு."

"ஆமா."

"வாசம்?"

"கள்ளு மாதிரி."

அத்தையின் விரல்கள் என் தலையில் நின்றுவிட்டன.

"உங்க மாமா அதை வாயில வச்சாரா?"

"ஆமா. ஒரு கரண்டி."

"பாத்தியா!" என்றார் அப்பா அம்மாவிடம். "பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது."

பொய் சொல்லவில்லைதான். துப்பினாரா என்று யாரும் கேட்கவில்லை. நாற்பது நாள் கணக்கைப் பற்றியும் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். இதே ஒழுங்கைப் பிற்காலத்தில் எத்தனையோ சாட்சிகளிடம் நான் வற்புறுத்தியிருக்கிறேன்.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் நான் நல்ல சாட்சி, அப்பா மோசமான நீதிபதி என்று கதை முடிந்துவிடும். வெகுகாலம் இங்கேதான் நிறுத்திக்கொண்டிருந்தேன். மிச்சமும் இருக்கிறது. அத்தை வந்த பிறகுதான் என் தலை தலையாக இருந்தது. அம்மாவுக்கு என் முடி ஒரு வேலை. அத்தை சிக்கெடுப்பது எனக்கே தெரியாது. நேர் வகிடு எடுத்து, இரட்டைப் பின்னல் போட்டு, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி அனுப்புவாள். இரவு அவள் பக்கத்தில்தான் படுக்கை. ஆடி முடிந்தால் அவள் போய்விடுவாள். அந்தக் கணக்கு எனக்குத் தெரிந்திருந்தது. துப்பினார் என்று நான் சொல்லாததற்கு, கேட்டதற்கு மட்டும் பதில் என்ற ஒழுங்கு காரணமில்லை.

அடுத்த ஞாயிறு அப்பா குளிக்கவில்லை. நேராக பங்களா அடுப்படிக்குள் நுழைந்தார். கௌரவத்தை அன்று வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். துணியை இழுத்து முகர்ந்தார்.

"மாப்ளே, என்னவே இது?"

"வினிகர் மச்சான். இன்னும் ஆகல. இருவது நாள் கழிச்சு வந்து மோந்து பாருங்க."

"இருவது நாள்ல ஜாடி காலியாயிரும்லா. எந்தக் கோர்ட்டுல வந்து என்ன கதை சொல்லுதீரு?"

ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்துச் சாக்கடையில் கவிழ்த்தார். தோல் தோலாக விழுந்தது. சத்தம் கேட்டு வந்த பங்களா அம்மாள், குடும்பங்கள் வந்து தங்குகிற இடத்தில் இதெல்லாம் சரிப்படாது என்று சொல்லிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டே உள்ளே போனாள். அவ்வளவுதான், வேலை போயிற்று. மாமா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இந்த மாதிரி சமயத்தில் பேசாமல் இருப்பதை விசாரணை அலுவலர்கள் ஒப்புதல் என்று குறித்துக்கொள்வது வழக்கம். நானும் குறித்திருக்கிறேன்.

அப்பா கை கழுவக் குழாயடிக்குப் போன நேரத்தில், மாமா ஜன்னல் மாடத்திலிருந்து அகன்ற வாய்ப் பாட்டில் ஒன்றை எடுத்தார். அதிகாலையிலேயே அத்தைக்கென்று ஜாடியிலிருந்து கொஞ்சம் வடித்து வைத்திருக்கிறார். வாயில் துணி. ஜாடியில் இருந்த அதே இரண்டு தேதிகளை அதிலும் எழுதி ஒட்டியிருந்தார். என் துணிப்பையில் நிமிர்த்தி வைத்தார்.

"அத்தைட்ட குடு. ஆவணி பத்து வரைக்கும் அசைக்க வேண்டாம்னு சொல்லு. புளியறைல செக்போஸ்ட் பக்கத்துல ஒரு சாப்பாட்டுக் கடைல ஆள் கேக்காங்க. அங்கனதான் இருப்பேன்னு சொல்லு. சொல்லுவியாட்டி?"

"சொல்லுதேன் மாமா."

அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நீதானே சொன்னாய் என்று ஒரு பார்வைகூட இல்லை.

பாட்டிலை விறகு அடுக்குக்குப் பின்னால் வைத்தேன். நிழல், காற்று, அசைவில்லாத இடம். பராமரிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அத்தையிடம் பாட்டிலையும் கொடுக்கவில்லை, புளியறையையும் சொல்லவில்லை. ஆவணி பத்து வந்தது, போனது. தினமும் காலையில் நேர் வகிடு, இரட்டைப் பின்னல். அத்தை சீப்பைப் பிடித்தபடி சில சமயம் அப்படியே நின்றுவிடுவாள். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

ஆவணி கடைசியில் அப்பா ஒரு நோட்டீஸ் தயார் செய்தார். மாப்பிள்ளை இனி இந்த வீட்டுப் பெண்ணின் மேல் எந்த உரிமையும் கோரக்கூடாது என்பது சாரம். வக்கீலிடம் கையெழுத்துக்குப் போகுமுன் நல்ல பிரதி வேண்டும். எங்கள் வீட்டில் நல்ல கையெழுத்து என்னுடையது. புரட்டாசி முதல் தேதி காலை, கோடு போட்ட தாளில் எழுதிக்கொண்டே வந்தேன். மூன்றாவது பத்தியில், 'மேற்படி நபர் மது அருந்தியதை நேரில் கண்ட சிறுமியின் வாக்குமூலப்படி' என்று இருந்தது. சிறுமியின் என்பது வரை எழுதினேன். பேனா அதற்கு மேல் நகரவில்லை. மை சொட்டி 'சிறுமி'யின் மேல் பரவியது.

எழுந்து போய் விறகுக்குப் பின்னால் இருந்து பாட்டிலை எடுத்து வந்து, அடுப்படியில் வெள்ளரிக்காய் சீவிக்கொண்டிருந்த அத்தையின் முன்னால் வைத்தேன். அவள் காகிதத்தைப் படித்தாள். அவர் கையெழுத்து அவளுக்குத் தெரியும்.

"இன்னைக்கு என்ன தேதிட்டி?"

"புரட்டாசி ஒண்ணு."

துணியை அவிழ்த்து முகர்ந்தாள். கள் வாசம் எது என்று அந்த வீட்டில் அவளைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. மறுபடி முகர்ந்தாள்.

"இது கள்ளு இல்லியே."

யாரும் என்னிடம் கேட்காததையெல்லாம் அன்றுதான் சொன்னேன். நாற்பது நாள், தொட்டியில் துப்பியது, இரண்டு முறை கொப்பளித்தது, முதல் சாலட் அவளுக்கு என்று சொன்னது, புளியறை. பாட்டில் எத்தனை நாளாக விறகுக்குப் பின்னால் இருந்தது என்பதையும் சொன்னேன். ஆவணி பத்துக்கு மேல் இருபத்திரண்டு நாள் பிந்தியிருந்தேன். அத்தை அழவில்லை. முந்தானையால் பாட்டிலின் வெளிப்பக்கத்தைத் துடைத்தாள்.

"இதை எப்படிச் செய்யணும்னு சொன்னாரு?"

நான் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். அன்னாசி வீட்டில் இல்லை. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து அம்மா வாங்கி வந்த கொய்யா இருந்தது. அதை நசுக்கிச் சாறு வடித்தோம். கடுகை அம்மியில் பொடித்தோம். எண்ணெயை நூலாக விட்டாள். எல்லாவற்றையும் வேறொரு பாட்டிலில் மூடி என்னிடம் கொடுத்தாள். கை ஓய்கிற வரை குலுக்கினேன்.

மத்தியானம் அப்பா இலையில் வெள்ளரிக்காயும் வெங்காயமும் விழுந்தன, மேலே அந்தச் சாறு. ஒரு வாய் போட்டவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏட்டி, இது நல்லா இருக்கே. எங்க கத்துக்கிட்ட? இன்னும் கொஞ்சம் வை."

அத்தை வைத்தாள். அவர் அதையும் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அண்ணே, நீங்க சாக்கடையில கொட்டினீங்கள்ளா, அந்த ஜாடில மிஞ்சினது இது."

அப்பாவின் கை இலையில் அப்படியே நின்றது. அம்மா வேறு பக்கம் பார்த்தாள். அப்பா இலையை மடித்துக்கொண்டே, "அன்னைக்கு வாசம் அடிச்சது உண்மைதானே" என்றார். அந்த நிலைப்பாட்டிலிருந்து கடைசிவரை இறங்கவில்லை. அவர் சொன்னது உண்மையும்கூட. எந்தத் தேதியில் முகர்ந்தார் என்பதைத்தான் அவர் பதிவு செய்யவில்லை.

மறுநாள் காலை அத்தை தகரப் பெட்டியைக் கட்டினாள். அப்பா தடுக்கவில்லை, பஸ் ஸ்டாண்டுக்கும் வரவில்லை. நான் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். கிளம்பும் அவசரத்தில் அன்று என் தலையை யாரும் வாரவில்லை. புளியறை வழியாகப் போகும் பஸ் வந்தது. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கையை வெளியே நீட்டி, என் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"உங்க மாமாட்ட நானும்தான் ஒரு வார்த்தை கேக்கல. வாசத்தைக் கேட்டதும் நம்பிட்டேன்" என்றாள். பிறகு, "இனிமே நீயே பின்னிப் பழகு. வகிடு எடுக்கத் தெரியும்லா உனக்கு?"

தெரியும் என்று தலையாட்டினேன். பஸ் போய்விட்டது. கோபமா இல்லையா என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர்கள் இருவரும் புளியறையில் வெகுகாலம் இருந்தார்கள். லாரிக்காரர்களுக்குச் சோற்றோடு வெள்ளரிக்காய் சாலட் கொடுத்த கடை அந்தச் சாலையில் அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். மாமா மறுபடி குடிக்கவே இல்லையா என்றால், எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுதப் பழகிக்கொண்டேன்.

கீழ்வீட்டு அம்மாளிடம் நேற்று விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஆவணி பத்தாம் தேதி மத்தியானம் சாப்பிட வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, வருகிறேன் என்றார். ஜாடியில் இரண்டு தேதிகள் ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அவ்விரண்டையும்தான் எழுதுகிறேன். மூன்றாவதாக ஒரு தேதி உண்டு. புரட்டாசி ஒன்று. அதை எழுதி ஒட்ட எந்த ஜாடியிலும் எனக்கு இடம் கிடைத்ததில்லை.